முதுகண்ணை பார்க்காத கோல்

மொன்றியல் நகரத்தில் முதுகண்ணையை விடப் பெரிய ஐஸ் ஹொக்கி ரசிகர் பிறக்கவுமில்லை, இனிப் பிறக்கப்போவதுமில்லை. அப்பேர்ப்பட்ட மனுசன் தன் சீவியத்தில் ஒரு கோலைக் கூடக் கண்ணால் கண்டதில்லை என்று தெரியவந்த அன்று, கையிலிருந்த சலாட் கிண்ணத்தை நான் தொப்பென்று கீழே போட்டுவிட்டேன்.

நகர நடுவில் ஒரு கிரேக்கரின் ரெஸ்ரோரண்டில் இரண்டு பேருக்கும் வேலை. நான் சலாட் வெட்டுகிறவள், அவர் கோப்பை கழுவுகிறவர். தொட்டி சுவரோடு; ரீவி அவருக்கு முதுகுப் பக்கம். அவர் கனடாவுக்கு வந்த புதிதில் எங்கட ரீம் கடைசியாகக் கப் எடுத்தது; அப்போதும் அவர் அப்படித்தான் சட்டி உரஞ்சிக்கொண்டு நின்றாராம். அதோடு மனுசனுக்கு மண்டைக்குள் ஒன்று ஏறிவிட்டது: தான் முதுகு காட்டினால் வெற்றி, திரும்பிப் பார்த்தால் நாசம். பிறகு வேலையிலும் வீட்டிலும் ரீவிக்கு முதுகுதான். அதனால்தான் 'முதுகண்ணை' என்ற பட்டம்.

"அண்ணை, கோல் விழேக்க எண்டாலும் பாக்கிறேல்லையோ?"

"சத்தத்தில தெரியும்தானே, தங்கச்சி."

"பேந்து திருப்பிப் போடுவாங்களே, அதை?"

"ஐயோ, கூடாது! அந்த நேரம் மற்றப் பக்கம் ஒரு கோல் விழுந்தா?"

"நீங்கள் இவ்வளவு வருசம் முதுகு காட்டியும் கப்பைக் காணேல்லையே?"

"நான் ஒருத்தன் பாக்காமல் விட்டாப் போதுமே? மற்றவங்கள் பாக்கிறாங்களே!"

தலையில் அடித்துக்கொண்டு வெங்காயத்தை வெட்டினேன்.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் ஒரு வசந்தம். தோற்றால் அந்த வருசம் முடிந்தது என்கிற ஆட்டம். முதலாளி இரண்டு ரிக்கெற்றை நீட்டி, எங்கள் இரண்டு பேரையும் போகச் சொன்னார். முதுகண்ணை கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "என்னாலதான் தோத்தவங்கள் எண்டு வரும், தங்கச்சி."

"அங்கயும் முதுகைக் காட்டிக்கொண்டு நில்லுங்கோ, ஆர் கேக்கிறது?" என்றேன் எரிச்சலில்.

அதை அவர் நெஞ்சில் எழுதி வைத்துவிட்டார் போல. எங்கட பக்கத்து ரொக்ஸ்பரோ ரயில் ஸ்ரேசனில் ரீம் ஜேர்சியும் நெற்றி நிறையத் திருநீறுமாக நின்றார். அரங்குக்குள் குனிந்த தலையோடு வந்தவர், ஆட்டம் தொடங்கியதும், அட கடவுளே, ஐஸுக்கு முதுகைக் காட்டி, பின்வரிசையைப் பார்த்தபடி நின்றுவிட்டார்!

பின்னால் ஆறடியில் ஒரு தாடிக்காரன். இரண்டு பேரும் கண்ணோடு கண். அவன் பயந்துபோய், "முஸ்யூ, சா வா?" என்று சுகம் கேட்டான். எனக்கு வெட்கத்தில் உயிர் போனது. தெரிந்த அரைகுறைப் பிரெஞ்சில் விசயத்தைச் சொல்லி முடிக்கவில்லை, எங்கட ரீம் கோல் போட்டது. தாடிக்காரன் முதுகண்ணையைத் தூக்கி நெற்றியில் கொஞ்சினான். தாடி முழுக்கத் திருநீறு.

அதன் பிறகு வந்தது வினை. இனி அவர் திரும்பக் கூடாது என்று பின்வரிசை முழுக்க அவருக்குக் காவல். ஒண்டுக்குப் போக வெளிக்கிட்டவரை நாலு பேர் மறித்து, அசையாதே என்று கத்தினார்கள். பாவி மனுசன் காலை மாற்றி மாற்றி நின்றார். நல்லகாலம், ஆள் கட்டை. யாருக்கும் ஐஸ் மறைக்கவில்லை.

ஆட்டம் சமநிலை. மேலதிக நேரம். முதல் கோல் போடுகிறவனுக்கு வெற்றி. அரங்கு மூச்சுப் பிடித்துக்கொண்டு இருந்தது. அப்போதுதான் மெல்லக் குனிந்து கேட்டார்:

"தங்கச்சி, ஐஸ் நல்ல வெள்ளையோ?"

இவ்வளவு ஆசையை வைத்துக்கொண்டா இந்த மனுசன் நிற்கிறார்?

"பாருங்கோவன் அண்ணை!"

"நான் ஒருத்தன் ஆசைப்பட்டு இவ்வளவு சனத்தையும் அழ வைக்கேலுமே?"

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது கோபம். தோளில் பிடித்து ஒரே திருப்பாகத் திருப்பிவிட்டேன். பின்வரிசை அலறியது. தாடிக்காரன் கண்ணைப் பொத்தினான்.

கோல்! எங்கட கோல்!

அரங்கே இடிந்து விழுகிற மாதிரிச் சத்தம். எல்லாரும் துள்ளுகிறார்கள், முதுகண்ணை மட்டும் வாயைப் பிளந்தபடி ஐஸைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

"பாத்திட்டீங்கள் அண்ணை! உங்கட கண்ணாலயே பாத்திட்டீங்கள்!"

அவர் முகம் கறுத்துவிட்டது. "அப்ப இவ்வளவு வருசமும் நான் சும்மாவே சுவரைப் பாத்தனான்?"



திரும்பிவரும் ரயிலில் மனுசன் ஜன்னலுக்கும் முதுகைக் காட்டிக் குனிந்தபடி இருந்தார். ரொக்ஸ்பரோவுக்குக் கிட்ட வந்ததும் திடீரென்று நிமிர்ந்தார். "நானாத் திரும்பேல்லைத்தானே? நீ திருப்பினபடியால்தான் விழுந்தது. என்ன?"

"ஓம் அண்ணை, ஓம்! அதேதான்!" என்றேன் அவசர அவசரமாக.

அந்த வருசமும் கப் வரவில்லை. முதுகண்ணை இப்போது ரொறன்ரோவில், எதிரி ரீமின் கோட்டைக்குள், மகளோடு இருக்கிறார். அங்கேயும் ரீவிக்கு முதுகுதானாம். மேலதிக நேரம் வந்தால் இங்கே மொன்றியல் பியர்பொன்ட்ஸில் என் போன் அடிக்கும்.

"தங்கச்சி, திரும்பவோ?"

"திரும்புங்கோ அண்ணை."

தோற்கிற நாள்தான் கூடுதல். என்றாலும் ஆட்டம் உள்ள நாளில் நான் போனைக் கையை விட்டு வைப்பதில்லை. நான் எடுக்காவிட்டால் அந்த மனுசன் அங்கே சுவரைப் பார்த்தபடியே இருந்துவிடுவார்.