சலித்தெடுத்த சிநேகம்

சிநேகிதர்களைத் தேடிப் பிடிக்கிறவர்களை உங்களுக்குத் தெரியும். சிநேகிதர்களிடம் மாட்டிக்கொண்டு முழிக்கிறவர்களையும் தெரியும். மூன்றாவதாக ஓர் இனம் உண்டு. மாவைச் சலிக்கிற மாதிரி மனிதர்களைச் சலித்து, மேலே தங்குகிற கப்பியைத் தூரக் கொட்டிவிட்டு, கீழே இறங்கிய நயமான மாவை மட்டும் சிநேகிதம் என்று டப்பாவில் மூடி வைத்துக்கொள்கிற இனம். இவர்கள் எல்லாச் சபைகளிலும் இருக்கிறார்கள். சபைக்கு ஒருவர் நிச்சயம். சில சபைகளில் போதகர் ஒருவரைத் தவிர எல்லோரும்.

நம்முடைய ஆளுக்குப் பெயர் பிரதர். சபையில் பிரதர், தெருவில் பிரதர், வேலையிடத்திலும் பிரதர். வீட்டில் 'ஏங்க'. கூட வேலை பார்க்கிற ஒருவனுக்கு மட்டும் 'அண்ணே'. உத்தியோகம், உயரமான கட்டடங்களில் லிப்ட் பராமரிப்பு. கையில் எப்போதும் ஸ்பானர் இருக்கும். சட்டைப் பையில் எப்போதும் ஒரு நோட்டு இருக்கும். ஸ்பானரைக் கூட மறந்து வீட்டில் வைத்துவிட்டு வந்திருக்கிறார். நோட்டை மறந்ததில்லை.

அந்த நோட்டில் மூன்று பத்திகள். முதல் பத்தியில், பழகினால் பிரதருக்கு ஆத்தும லாபம் தரக்கூடியவர்கள். நடுப்பத்தியில், பிரதரிடம் பழகினால் அவர்களுக்கு லாபம் உள்ளவர்கள். மூன்றாவது பத்தியில், கண்டால் தெருவின் எதிர்ப்பக்கம் போய்விட வேண்டியவர்கள். மூன்றாவது பத்திக்கு நோட்டைத் திருப்பிப் பின்பக்கத்திலும் எழுத வேண்டியிருந்தது. நடுப்பத்தியும் நல்ல கூட்டம். முதல் பத்தியில் போதகர் ஒருவர்தான். அவரும் பிரசங்கத்தின் நடுவே அடிக்கடி சிரிப்பு மூட்டுகிறார் என்பதால் பென்சிலில்தான் எழுதப்பட்டிருந்தார்.

"ஏங்க, உங்களுக்கு அம்பது வயசு முடியப்போவுது. அன்னிக்கு யாரையாவது சாப்பிடக் கூப்பிடலாம்னா, யாரைக் கூப்பிடுறது?" என்று ஒருநாள் மனைவி கேட்டார்.

பிரதர் நோட்டைப் புரட்டினார். முதலிலிருந்து கடைசி வரைக்கும், பிறகு கடைசியிலிருந்து முதல் வரைக்கும். நோட்டை மூடினார். பசிக்கிறது என்று தட்டுப் போடச் சொன்னார்.

நடுப்பத்தியில் முதல் பெயர், எட்டு வருடமாக அவரோடு ஜோடி சேர்ந்து வேலை செய்கிற வெடி. சிரித்தால் ஒன்பது மாடிக்கும் கேட்கும் என்பதால் அந்தப் பெயர். வெடி ஊதுவான், வாய்க்கு வந்தபடி திட்டுவான், போல்ட் கழன்று வரவில்லை என்றால் அந்த போல்ட்டின் பரம்பரையையே இழுப்பான். இப்படிப்பட்டவனுக்கு நல்ல செல்வாக்காக இருப்பது எப்படி? பிரதருக்கு வழிகள் இருந்தன. வெடி தீப்பெட்டியை எடுத்தால் இவர் இருமுவார். புகை வருகிற வரைக்கும் கூடக் காத்திருக்கமாட்டார். வெடி திட்டத் தொடங்கினால் இவர் ஒரு கீர்த்தனை மெட்டை முனகுவார். எட்டு வருடத்தில் வெடி மாறவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. அந்த மெட்டுக்கே தாளம் தப்பாமல் திட்டப் பழகிக்கொண்டான்.

லிப்ட் வேலை தெரிந்தவர்களுக்கு ஒன்று தெரியும். ஒருவர் லிப்ட் பெட்டியின் கூரைமேல் ஏறி நின்று, இருட்டுக் குழிக்குள் கம்பிவடத்தைச் சோதிக்க வேண்டும். இன்னொருவர் மேலே மோட்டார் அறையில் சுவிட்சில் கையை வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். 'இறக்கு' என்றால் இறக்க வேண்டும், 'நிறுத்து' என்றால் நிறுத்த வேண்டும், கொஞ்சம் அசந்தால் கூரைமேல் நிற்கிறவர் கதை முடிந்தது. எட்டு வருடமாகக் கூரைமேல் நிற்பவர் பிரதர். சுவிட்சில் கை வெடியின் கை. உயிரை அவன் கையில் கொடுத்துவிட்டு நிம்மதியாகப் பாட்டு முனகுகிற மனுஷன், மத்தியானம் டப்பாவைத் திறக்கும்போது மட்டும் அவன் பக்கத்தில் உட்காரமாட்டார். அவர்கள் அதிகம் வேலை பார்க்கிற ஒன்பது மாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில் மேசைகள் இரண்டு. ஜன்னலோர மேசையில் வெடி உட்கார்ந்ததும், பிரதர் டப்பாவைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் மோட்டார் உறுமுகிற மூலைக்குப் போய்விடுவார். சாட்சியாக இருக்கக் கிட்டே போகலாம், ஆனால் ஒட்டிக்கொள்ளக் கூடாது என்பது அவர் சித்தாந்தம்.

அப்படிப்பட்ட வெடி ஒருநாள், சனிக்கிழமை உங்கள் வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு நானும் வரட்டுமா அண்ணே என்று கேட்டுவிட்டான். பிரதருக்குத் தலைகால் புரியவில்லை. எட்டு வருட இருமலுக்குக் கிடைத்த பலன் அல்லவா? சனிக்கிழமை சாயங்காலம் வந்தவர்களிடமெல்லாம், "இவருதான் நான் சொன்ன அந்தத் தம்பி," என்று அறிமுகம் செய்தார். என்ன சொல்லியிருக்கிறார் என்பது அவர்கள் வெடியைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது. வெடி துவைத்த சட்டை போட்டுக்கொண்டு, வாய்க்குள் ஏலக்காயைப் போட்டுக்கொண்டு, கையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தான்.

அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம். மனசுக்குப் பாரமாக இருக்கிற ஒருவரைப் பற்றி, பெயர் போடாமல் ஒரு சீட்டில் எழுதிக் கூடையில் போட வேண்டும். கூடையைக் குலுக்கி, ஆளுக்கு ஒரு சீட்டை எடுத்து, அதில் உள்ளவருக்காகச் சத்தமாக ஜெபிக்க வேண்டும். இதில் பிரதர் மன்னன். யாரென்றே தெரியாதவருடைய பாவத்தைக் கால்மணி நேரம் விவரிக்க அவரால்தான் முடியும்.

அன்று அவர் எடுத்துச் சத்தமாக வாசித்த சீட்டு இது:

"என்கூட வேலை பாக்குறவர். நல்லவர். ஆனா என் பக்கத்துல உக்காந்து சாப்பிட மாட்டார். என்னால கெட்டுப் போயிடுவோம்னு பயம். அவருக்கு வேற சிநேகிதம் யாரும் இருக்கிற மாதிரி தெரியல. அவர் தனியா சாப்பிடுறதப் பாத்தா எனக்குச் சோறு எறங்க மாட்டேங்குது."

உங்களுக்குப் புரிந்துவிட்டது. மனைவிக்குப் புரிந்திருக்கும். பிரதருக்கு? இந்த இனத்தின் விசேஷமே அதுதான். அவர் கண்ணை மூடி, தொண்டையைச் செருமி, எடுத்த எடுப்பிலேயே உச்ச ஸ்தாயிக்குப் போனார். பரம தகப்பனே, இப்படியும் ஒரு மனிதன் உண்டா என்றார். தன்னைப் பரிசுத்தவான் என்று நினைத்துக்கொண்டு கூட உழைக்கிறவனை ஒதுக்குகிற இந்த மேட்டிமைக்காரனை உடையும் ஆண்டவரே என்றார். நொறுக்கும், தூளாக்கும், ஒரு துண்டு கூட மிச்சம் வைக்காதேயும் என்றார். மூலையில் ஒரு சகோதரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். உற்சாகம் ஏறி, அடுத்த குறிப்புக்காகப் பிரதர் கண்ணைத் திறந்து சீட்டை மறுபடியும் பார்த்தார்.

முதல் தடவை விஷயத்தைத்தான் பார்த்தார். இப்போது கையெழுத்தைப் பார்த்தார். மோட்டார் அறைப் பதிவேட்டில், 'எண்ணெய் போட்டது, வடம் சரி, பிரேக் சரி' என்று வெடி எழுத, எட்டு வருடமாக அவர் பக்கத்தில் நின்று பார்த்த கையெழுத்து.

கூட்டம் காத்திருந்தது. எதிரே வெடி குனிந்த தலை நிமிராமல் இருந்தான். காது மட்டும் சிவந்திருந்தது. மனைவி கண்ணை மூடவேயில்லை, இவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆண்டவரே," என்றார் பிரதர், யாருக்கும் கேட்காத குரலில். "கொஞ்சம் பாத்து உடையும்."

மிகச் சின்ன ஜெபம். அவர் வாழ்க்கையில் மனசறிந்து செய்த முதல் ஜெபமும் அதுவாகத்தான் இருக்கும்.

திங்கட்கிழமை மத்தியானம் அவர் டப்பாவோடு ஜன்னலோர மேசைக்கு வந்து நின்றார். வெடி பார்த்தான், நகர்ந்து இடம் விட்டான். பிரதருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. நீ முந்தாநாள் எழுதினியே தம்பி, அது வந்து என்று ஏதோ ஆரம்பித்தார்.

"சாப்பிடுங்கண்ணே," என்றான் வெடி. "ஆறிடும்."

சாப்பிட்டார். வெடி ஏதோ ஜோக் சொன்னான். அவ்வளவு சுத்தமான ஜோக் இல்லை. பிரதர் இருமப் போனார், வந்தது சிரிப்பு. புரை ஏறி, கண்ணில் தண்ணீர் வந்து, வெடி அவர் தலையில் தட்டவேண்டியதாயிற்று.

திருந்திவிட்டார் என்று எழுதி முடிக்க எனக்கும் ஆசைதான். ஆனால் பத்தே நிமிடத்தில் குரலைத் தாழ்த்தி, அந்தக் கண்ணைத் துடைத்த சகோதரி இருக்கிறாரே, அவரோடு கொஞ்சம் ஜாக்கிரதையாகப் பழகு தம்பி என்று தொடங்கிவிட்டார். சல்லடை பழசானாலும் கை ஓயவில்லை.

சரி, நீங்கள் ஏன் சிரிக்கிறீர்கள்? படிக்கும்போதே ஒருவர் முகம் உங்கள் மனதில் வந்துபோனது, இல்லையா? 'அப்படியே அவர்தான், அச்சு அசல்' என்று நினைத்தீர்கள். இதை அவரிடம் எப்படிக் கொடுத்துப் படிக்கவைக்கலாம் என்று கூட யோசித்தாயிற்று. நானும் எழுதும்போது நாலு பேரை யோசித்துவைத்திருந்தேன், மறைப்பானேன். தாராளமாகக் கொடுங்கள். அவர் இத்தனை நாளாக யாருக்காகப் பாரத்தோடு ஜெபித்துக்கொண்டிருக்கிறார் என்பதை மட்டும் கேட்டுவிடாதீர்கள்.