இரண்டாவது கையெழுத்து

உலகத்தில் முதல் கையெழுத்துப் போடுகிறவர்கள் பாவப்பட்ட ஜென்மங்கள். தப்பு நடந்தால் முதலில் மாட்டுவது அவர்கள்தான். நாம் இங்கே பார்க்கப்போவது அவர்களை அல்ல. அவர்களுக்குக் கீழே, கொஞ்சம் சாய்வாக, வேறு எங்கோ பார்த்துக்கொண்டே ஒரு கோடு இழுத்துவிட்டுப் போகிறார்களே, அந்த இரண்டாவது கையெழுத்துக்காரர்களை. எந்த ஆபீஸிலும் இவர்கள் உண்டு. ஆஸ்பத்திரியில் கொஞ்சம் கூடுதலாகவே உண்டு.

அந்த ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டில் ஒரு விதி. மருந்தை ஏற்றுவதற்கு முன் இரண்டு நர்ஸுகள் தனித்தனியாகக் கணக்குப் போட வேண்டும். குழந்தையின் எடை என்ன, கிலோவுக்கு எவ்வளவு மருந்து, அது எத்தனை மில்லி? ஒருவர் விடையை மற்றவர் கேட்கக் கூடாது. இரண்டு விடையும் ஒத்துப்போனால்தான் சிரிஞ்சு நகரலாம். எவ்வளவு அருமையான ஏற்பாடு! எழுதிய புண்ணியவானுக்கு நம் 'ஆமாம் அக்கா'வைத் தெரியாது, அவ்வளவுதான்.

ஆமாம் அக்கா அங்கே மூத்த நர்ஸ். தங்கமான மனுஷி. வீறிட்டு அழுகிற குழந்தைகூட அவள் தோளில் சாய்ந்ததும் அடங்கிவிடும். யாராவது சிரிஞ்சோடு வந்தால் அவளுடைய முதல் கேள்வி, "உனக்கு எவ்வளவும்மா வந்துச்சு?" விடை வந்ததும் நெற்றியைச் சுருக்கி, கூரையைப் பார்த்து, உதட்டை லேசாக அசைப்பாள். பெருக்கல் நடக்கிறதாக்கும் என்று பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். உள்ளே நடப்பதோ, வீட்டில் தக்காளி இருக்கிறதா தீர்ந்துவிட்டதா என்கிற ஆராய்ச்சி. பிறகு, "ஆமாம், எனக்கும் அதான் வருது." கையெழுத்து.

சோம்பேறித்தனம் என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். அவளைக் கேட்டால் அது மரியாதை. கூட வேலை செய்கிறவள் போட்ட கணக்கை மறுபடி போட்டால், "என்மேல நம்பிக்கை இல்லையாக்கா?" என்று அவள் முகம் வாடிவிடாதா? வீட்டிலும் இதே மரியாதைதான். கணவர் அடுப்படியிலிருந்து, "உப்பு பாரேன்" என்று கரண்டியை நீட்டினால், கரண்டி வாய்க்கு வருமுன்பே, "சரியா இருக்குங்க" என்பாள். அதன்பிறகு குடும்பமே ஆளுக்கொரு சொம்பு தண்ணீர் குடிக்கும்.

ஒருநாள் மத்தியானம், வார்டில் 'மின்னல்' என்று பேரெடுத்த நர்ஸ் சிரிஞ்சோடு வந்தாள். கணக்கில் அவள் புலி.

"அக்கா, ஜன்னலோரப் பாப்பாவுக்கு. எடை இருபத்திரண்டு. நாலு புள்ளி நாலு மில்லி வருது."

நெற்றி சுருங்கியது, கூரை பார்க்கப்பட்டது. "ஆமாம், எனக்கும் அதான் வருது." கையெழுத்தும் விழுந்தது.

இருவரும் கட்டிலருகே போனார்கள். பாப்பாவின் அம்மா, "சிஸ்டர், கொஞ்சம் தூக்கிக்கிறீங்களா? ஒரு நிமிஷம், தண்ணி பிடிச்சிட்டு வந்துடறேன்" என்று குழந்தையை அக்காவிடம் நீட்டினாள். அக்கா வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். மின்னல் அந்தப் பிஞ்சுக் கையில் இருந்த குழாயைத் துடைத்து, சிரிஞ்சைப் பொருத்தினாள்.

அக்காவின் கடைக்குட்டி இரண்டாம் வகுப்புப் படிக்கிறான். அவன் இருபத்திரண்டு கிலோ. சோபாவில் தூங்கிப்போகிறவனைத் தூக்கிக் கட்டிலில் போடுவதற்குள் அவளுக்கு இடுப்பு விட்டுப்போகும். இந்தப் பாப்பாவோ இடுப்பில் இருப்பதே தெரியவில்லை.

"நிறுத்துடி!"

மின்னலின் கட்டைவிரல் அப்படியே நின்றது. "என்னக்கா? நீங்களும்தானே பார்த்தீங்க?"

"நான் எங்கடி பார்த்தேன்? கையெழுத்துதானே போட்டேன்!"

ஓடிப்போய் எடைமெஷினைப் பார்த்தார்கள். யாரோ பொத்தானை மாற்றி அமுக்கியதில் அது கிலோவை விட்டுப் பவுண்டுக்குப் போயிருந்தது. இருபத்திரண்டு பவுண்டு என்றால் பாப்பா வெறும் பத்து கிலோ. கொடுக்க வேண்டியது இரண்டே மில்லி. போகவிருந்தது அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல், அதுவும் கூடிப்போனால் சிறுநீரகத்தைக் காவுவாங்குகிற மருந்து.

அக்கா முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பாப்பா அவளுடைய பேட்ஜைப் பிடுங்கி வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தது. தண்ணீரோடு திரும்பிய அம்மா, "அழுதாளா சிஸ்டர்?" என்றாள்.

"அவ அழலம்மா. நான்தான்" என்றாள் அக்கா. பிறகு நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள்.

அதற்குப்பின் அக்கா ஆளே மாறிவிட்டாள். விடை சொல்ல வருகிறவர்களைக் கையமர்த்திவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, எடையிலிருந்து ஆரம்பித்துத் தானே போடுகிறாள். வார்டே அவளைப் பாராட்டியது. பாராட்டிவிட்டு, சிரிஞ்சை எடுத்துக்கொண்டு அடுத்த மேஜைக்குப் போகிறது. "அக்கா ரொம்ப நேரம் எடுப்பாங்கப்பா" என்கிறார்கள். அடுத்த மேஜையில் இருப்பவர் தலை சாய்த்து, நெற்றி சுருக்கி, கூரை பார்க்கப் பழகிவருகிறார்.

நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை, எனக்குத் தெரியும். இவ்வளவு பொறுமையாகப் படித்தவர் எதையும் சரிபார்க்காமல் விடுவீர்களா? உங்களுக்கு இதெல்லாம் சுலபம்தான். குழந்தை பன்னிரண்டு கிலோ. கிலோவுக்குப் பத்து மில்லிகிராம். மருந்து ஐந்து மில்லிக்கு நூறு மில்லிகிராம். ஆகமொத்தம் எட்டு மில்லி கொடுக்க வேண்டும், சரிதானே?

தலையாட்டிவிட்டீர்களா? ஆறு மில்லிதான் ஐயா, ஆறு!