மினிமம் அண்ணாச்சியும் என் பத்துப் பெட்டிகளும்

ரிப்பேர் பார்த்த கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு குர்லாவில் ரயில் ஏறினேன். அதன் மூலை ஒருவர் விலாவில் இடித்தது. அவர் இந்தியில் என் பரம்பரையையே விசாரித்தார். அந்த நேரத்தில்தான் யோசனை வந்தது: கைப்பிடி வைத்து, லோக்கல் ரயிலின் லக்கேஜ் பலகையில் அடங்குகிற ஒல்லியான கம்ப்யூட்டர் பெட்டி ஒன்றை நானே செய்தால் என்ன? செம்பூர் வருவதற்குள் கம்பெனிக்குப் பெயர்கூட வைத்துவிட்டேன். தகடு வளைக்க ஆள் தேடித் தாராவி போனேன். அங்கே தகட்டுப் பட்டறை வைத்திருக்கிற மினிமம் அண்ணாச்சி கிடைத்தார்.

'ஒன்று' என்ற எண்ணின் மேல் இவ்வளவு பகை வைத்திருக்கிற மனிதர் மும்பையில் வேறு யாரும் கிடையாது. தனியாக ஒரு டீ சொல்ல மாட்டார். எட்டு சொல்லிவிட்டு, தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டுக் கொடுப்பார். ஒருமுறை கால் முறிந்தது. ஊன்றுகோலை டஜன் கணக்கில் வாங்கினார். மிச்சம் பட்டறைச் சுவரில் சாய்ந்திருந்தது. "எதுக்கு அண்ணாச்சி இவ்வளவு?" என்றேன். "ஜோடியா எடுத்தா கட்டுப்படி ஆகாதுல. தாராவில வேற யாருக்கும் கால் ஒடையாமலா போயிரும்?" என்றார்.

இவரிடம் போய்ப் படத்தை விரித்தேன்.

"எத்தன பெட்டி?"

"பத்து."

காது கூசுகிற வார்த்தையைக் கேட்டதுபோல முகம் சுளித்தார். "மிஷின்ல ஒரு அச்சக் கழட்டி இன்னொண்ண மாட்டவே அரை நாள் ஆகும். அந்தக் கூலி பத்துக்கும் அதேதான், நூறுக்கும் அதேதான். மினிமம் நூறு போடு தம்பி."

"நூறுல தொண்ணூறு விக்கலேன்னா?"

"தொண்ணூறு ஸ்டாக் இருக்கின்னு அர்த்தம்!"

எனக்கோ அந்தப் பத்தில்தான் வாழ்க்கை. இன்டர்நெட்டில் படத்தைப் பார்த்துப் பத்துப் பேர் வாங்குவதாகச் சொல்லியிருந்தார்கள். அணுசக்தி நகர் ஸ்டாஃப் பஸ்ஸை ஒரு நாளும் தவறவிடாத என் அப்பா அதற்கும் ஒரு விதி போட்டிருந்தார்: "பத்தும் போனா உன் வழி. ஒண்ணு திரும்பி வந்தாலும் பவாய் கம்பெனில கெடச்ச வேலைக்குச் சேந்துடணும்."

பட்டறை முழுக்க கரண்ட் மீட்டர் பெட்டிகள் அடுக்கியிருந்தன. ஐந்நூறு பெட்டி ஆர்டராம். சட்டென்று பொறி தட்டியது. "அண்ணாச்சி, இதே அகலம், இதே வளைவுல என் பெட்டிய மாத்தி வரைஞ்சு தரேன். இதோட சேந்து ஓடட்டும். அச்சு மாத்துற செலவே கிடையாது."

அண்ணாச்சி எழுந்தே விட்டார். "அப்ப இது பத்து இல்லல, ஐந்நூத்திப் பத்து! ஏக் நம்பர்! பிரமாதம்ல!" உடனே டீ வந்தது. எட்டு.

அடுத்த வாரம் பெட்டிகள் தயார். சாம்பல் நிறம், கச்சிதமான வளைவு. முன்பக்கத்தைத் திருப்பினேன். மண்டை ஓடு, கீழே குறுக்காக இரண்டு எலும்பு, அதற்கும் கீழே இந்தியில் 'அபாயம்'. மீட்டர் மூடிகளோடு என் மூடிகளும் ஒரே ஓட்டத்தில் பிரஸ்ஸுக்குள் போய் முத்திரை வாங்கியிருந்தன.

"அண்ணாச்சி, மண்டை ஓடு!"

"நல்லா ஆழமா விழுந்திருக்கி பாத்தியா?" என்றார் பெருமையாக.

ராப்பகலாகக் கம்ப்யூட்டரில் சண்டை போடும் ஒன்பது பையன்கள் மண்டை ஓட்டைப் பார்த்ததும் கட்டிப்பிடிக்காத குறை. பத்தாவது ஆள் மாட்டுங்காவில் கிளினிக் வைத்திருக்கிற டாக்டர் மாமி. "வர பேஷன்ட் முதல்ல இதத்தான் பாக்கணுமா? நன்னாருக்குடா! எடுத்துண்டு போ!"

பெட்டியோடு பட்டறைக்குத் திரும்பி, அப்பாவின் விதியைச் சொன்னேன். அண்ணாச்சி மிஷினை நிறுத்தினார். ஒரு தகட்டை எடுத்துக் கத்திரியால் வெட்டி, மரச் சுத்தியலால் தட்டித் தட்டி, மண்டை ஓடு இல்லாத ஒரே ஒரு மூடியைக் கையாலேயே செய்தார். அரை நாள் போனது. மீட்டர் பெட்டி ஆர்டர் கொடுத்தவர் மிச்சத்தைக் கேட்டு வாசலில் கத்திக்கொண்டிருந்தார். அண்ணாச்சி தலையைத் தூக்கவே இல்லை.

"இதுக்கு என்ன ரேட் அண்ணாச்சி?"

"இதுக்கு ரேட் போட்டா நான் கடைய மூடணும். பேசாமப் போல, பெயின்ட் காயட்டும்."

மாமி பெட்டியை வாங்கிக்கொண்டார். அப்பா பவாயைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டார்.

இப்போது பட்டறையில் இட்லிக் கடைகளுக்கான ஸ்டவ் கவசத்தின் அச்சு மாட்டியிருக்கிறது. அந்த வளைவுக்குள் ஒரு கம்ப்யூட்டரை உட்காரவைக்க முடியுமா என்று வரைந்துகொண்டிருக்கிறேன். இருபது பெட்டி. ஸ்டவ் ஆர்டர் நேற்றே முடிந்துவிட்டதாம். ஆனாலும் அந்த அச்சைக் கழற்றக் கூடாது என்று அண்ணாச்சி சொல்லியிருக்கிறார். "தம்பி படம் வரைஞ்சுக்கிட்டு இருக்கான்ல" என்று, வருகிற ஆர்டரையெல்லாம் திருப்பி அனுப்பிவிட்டு, மிஷினைச் சும்மா போட்டபடி உட்கார்ந்திருக்கிறார்.