கோச்சி மாப்பிள்ளை

எல்லோருக்கும் ஸலாம். சுகமாக இருக்கிறீர்களா? இருமல், தடிமன் ஒன்றும் இல்லையே? இருந்தால் கொஞ்சம் கொத்தமல்லி அவித்துக் குடித்துவிட்டு வந்து உட்காருங்கள். ஓட்டமாவடி சித்தி நபீஸாவின் கதை இது. சிரித்துச் சிரித்தே பாதித் தடிமன் இறங்கிவிடும்.

கலியாணத் தரகர் பதியுதீன் முறுக்கைக் கடித்த வாயோடு அப்படியே நின்றுவிட்டார்.

"தங்கச்சி, மகன் அமெரிக்காவில என்ன வேலை எண்டு சொன்னீங்க?"

நபீஸா தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டாள். இந்த ஒரு கேள்விதான் அவளுடைய மகன் இஷாமுக்கு வந்த சம்பந்தங்களை எல்லாம் வரிசையாகத் தின்று தீர்த்தது. அமெரிக்கப் பந்து விளையாட்டில் உதவிப் பயிற்றுநர் என்று விளக்கமாகச் சொன்னால் வந்தவர்கள் செருப்பைத் தேடினார்கள். கடைசியாக வந்த காத்தான்குடிக்காரர் முகத்துக்கு நேரே சொன்னார்: "பந்து உதைக்கிறவனுக்கு நாங்க பொண்ணு குடுக்கிறல்ல."

"அது உதைக்கிற பந்து இல்ல, கையில தூக்கிட்டு ஓடுற பந்து" என்று நபீஸா விளங்கப்படுத்தினாள்.

"அப்ப ஏன் அதுக்கு புட்போல் எண்டு பேரு?"

அதற்கு அமெரிக்காக்காரனிடமே பதில் இருக்காது.

மகனுக்கு முப்பது தாண்டிவிட்டது. இந்தச் சம்பந்தமும் போனால் இனிப் பதியுதீன்கூடப் படி ஏற மாட்டார். ஆகவே இந்த முறை அவள் விளக்கமே வைக்கவில்லை. மெல்ல, "கோச்" என்றாள். "அசிஸ்டன்ட் கோச்."

"கோச்சியிலயா?" பதியுதீன் கதிரையை விட்டே எழும்பிவிட்டார். "சுப்ஹானல்லாஹ்! அமெரிக்காக் கோச்சியிலயா?"

கோச் என்றால் ஆள், கோச்சி என்றால் றெயில் என்று சொல்லத்தான் நபீஸா வாயைத் திறந்தாள். பதியுதீன் விட்டால்தானே!

"அப்ப ஏறாவூரில எண்ட கையில ஒரு பொண்ணு இரிக்கி, பஸ்னா எண்டு. கம்பஸில படிச்ச புள்ள. வாப்பா ஆரெண்டு நினைக்கிறீங்க? நௌஷாட்! ஊரே ஸ்டேஷன் மாஸ்டர் எண்டுதான் கூப்பிடுற. கோச்சிக்குக் கோச்சி! இதுக்கு மேல என்ன பொருத்தம் வேணும்?"

திறந்த வாய்க்குள் நபீஸா ஒரு முறுக்கை வைத்து மூடிக்கொண்டாள்.

அன்றைக்கே இஷாம் போனில் சத்தம் போட்டான். "உம்மா, என்ன வேலை இது? நான் கோச்சிக்காரன் இல்லயெண்டு இப்பவே சொல்லுங்க."

"நான் ஒரு பொய்யும் சொல்லல்ல மனே. கோச் எண்டுதான் சொன்னன். 'சி'ய அந்த மனிசன் தானாப் போட்டுக்கிட்டாரு."

இஷாம் அமெரிக்காவுக்குப் போனது கணக்குப் படிக்க. போன இடத்தில் பல்கலைக்கழகத்துப் பந்துக் குழுவின் பயிற்சியைச் சம்பளம் இல்லாமல் வீடியோ எடுத்துக் கொடுத்தான். அடுத்த வருஷம் வேறோர் ஊரில் அந்த வீடியோக்களை வெட்டி ஒட்டினான். அதற்கடுத்த வருஷம் இன்னோர் ஊரில், வீரர்கள் முட்டிப் பழகுகிற பஞ்சுமூட்டையைப் பிடித்துக்கொண்டு நின்று தானும் முட்டு வாங்கினான். இப்போது நாலாவது ஊர். அசிஸ்டன்ட் லைன் கோச். முன்வரிசையில் மலைபோல நின்று எதிராளியைத் தடுக்கிற ஆட்களுக்குப் பழக்குவது அவன் வேலை. அந்த 'அசிஸ்டன்ட்' என்ற சொல் மட்டும் விழுந்துவிட்டால் ஒரே ஊரில் காலூன்றலாம். ஓரிடத்தில் விண்ணப்பமும் போட்டிருந்தான்.

இதெல்லாம் ஏறாவூருக்குத் தெரியாது. ஏறாவூரிலிருந்து முதலில் ஒரேயொரு கேள்விதான் வந்தது: மாப்பிள்ளைக்குக் கோச்சியில் எந்தப் பகுதி?

பொய் சொல்லக்கூடாது என்று மகன் சொல்லியிருந்தபடியால் நபீஸா அவனிடமே கேட்டு, அவன் சொன்னதை அப்படியே பதியுதீனிடம் ஒப்புவித்தாள். "லைன் பாக்கிறாராம். லைனில நிக்கிற கார்ட்மாருக்குப் பழக்குறாராம்."

அந்த விளையாட்டில் முன்வரிசையில் நிற்கிற ஒருவனுக்குக் கார்ட் என்று பெயர். பாவம், பதியுதீனுக்கு எப்படித் தெரியும்?

"லைன்! கார்ட்மாருக்கே பழக்கிற ஆள்!" பதியுதீனின் கண் கலங்கிவிட்டது. "தங்கச்சி, உங்கட மகன் பச்சக்கொடி காட்டினாத்தான் அமெரிக்காவே நகரும் போல இரிக்கே!"

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மறுநாள் ஸ்டேஷன் மாஸ்டர் நௌஷாடே போனில் பேசினார். அடக்கமான குரல்.

"நபீஸா ராத்தா, ஒண்டும் நினைக்காதீங்க. மாப்பிள்ளை வருஷத்துக்கு ஒரு ஊர் மாறுறாரெண்டு கேள்விப்பட்டம். என்ன காரணம்?"

நபீஸா இதற்கும் மகன் சொன்ன உண்மையைத்தான் சொன்னாள். "அது மாஸ்டர், ஹெட் கோச்சக் கழட்டினா பின்னால இரிக்கிற அசிஸ்டன்ட் கோச் எல்லாத்தையும் சேத்துக் கழட்டிருவாங்களாம்."

போச்சு, சம்பந்தம் போச்சு என்று அவள் கண்ணை மூடினாள்.

"அது சரிதானே ராத்தா" என்றார் நௌஷாட் யோசித்து யோசித்து. "எஞ்சினக் கழட்டினா மறுகா பெட்டி எப்படி ஓடும்?"

பிறகு மாப்பிள்ளையை வேலை உடுப்பில் பார்க்க ஒரு படம் கேட்டார்கள். இஷாம் அனுப்பிய படத்தில் தலையில் தொப்பி, கழுத்தில் விசில், காதிலும் வாயிலும் வயர். இரண்டு பக்கமும் இரும்புக் கூடு வைத்த தலைக்கவசத்தோடு ஆளுக்கொரு வண்டி நெல்லைத் தின்றவர்கள் போல இரண்டு பேர். நபீஸா விரலால் தள்ளித் தள்ளி இரண்டு பேரையும் படத்துக்கு வெளியே விரட்டினாள். ஒருவன் முழுதாகப் போய்விட்டான். மற்றவனின் தோளும் அரைத் தலையும் போகமாட்டேன் என்று நின்றன.

"அது ஆரு தங்கச்சி, இரும்புத் தொப்பியோட?" என்றார் பதியுதீன்.

"கார்ட்" என்றாள் நபீஸா. அதுவும் உண்மைதான்.

"அமெரிக்காவில கார்டுக்கு எவ்வளவு பாதுகாப்புக் குடுக்கிறான் பாருங்க!"

ஸ்டேஷன் மாஸ்டர் படத்தை வெகுநேரம் பார்த்தாராம். "விசில் நல்ல சாமான்" என்று மட்டும் சொன்னாராம்.

இனி நேரில் பேச்சு வந்தால் என்ன செய்வது? நபீஸா வாழைச்சேனையில் கோச்சி ஏறி மட்டக்களப்பு வரைக்கும் போய்த் திரும்பினாள், நாலு கோச்சி வார்த்தை படிக்கலாம் என்று. யன்னலோரத்தில் இருந்தவர் வழிநெடுக அவளுக்குச் சொன்னதெல்லாம் அவருடைய மூட்டு வலியைப் பற்றித்தான். வீட்டுக்கு வந்து வாந்தியும் எடுத்தாள். படித்த பாடம் அவ்வளவுதான்.

விளையாட்டுக் காலம் முடிந்து இஷாம் ஊருக்கு வந்தான். கதவு நிலையில் குனிந்து நுழைகிற உயரம்.

"வாயத் தொறக்காத மனே. சிரி, தலையாட்டு, வட்டிலப்பம் திண்டுட்டு வா. நிக்காஹ் முடிஞ்சாப்பிறகு ஒள்ளம் ஒள்ளமாச் சொல்லிக்கலாம்."

"கேட்டாச் சொல்லுவன் உம்மா."

"கேக்காதபடி நான் பாத்துக்கிறன்."

ஏறாவூரில் நௌஷாட் வீட்டு முன்னறை பளபளவென்றிருந்தது. சுவரில் பெரிய கோச்சிப் படம் போட்ட கலண்டர். ஆணி அடித்த சுண்ணாம்புத் தூள் கீழே இன்னும் கூட்டாமல் கிடந்தது. நௌஷாட் கட்டை உருவம், நிமிர்ந்த நெஞ்சு. இஷாமைத் தலையிலிருந்து கால்வரை அளந்து பார்த்துவிட்டு, கூரையைப் பார்த்துக்கொண்டு பேச ஆரம்பித்தார்.

"கோச்சி எண்டா எனக்கு உசிரு. டீசல் எஞ்சினோ மருமகன், இல்லாட்டிக் கரண்டோ?"

"பிளேன்டீ நல்ல ருசி மாஸ்டர்!" என்று குறுக்கே விழுந்தாள் நபீஸா.

"பாலம் வந்தா வேகம் குறைப்பீங்களோ?"

"வட்டிலப்பத்துக்கு எத்தின முட்டை போட்டீங்க?"

நௌஷாட் விடவில்லை. கூரையில் அடுத்த கேள்வியைத் தேடிப் பிடித்தார். "சரி மருமகன், இதச் சொல்லுங்க. லைனில உங்களுக்கு முன்னுக்கு ஆனை வந்தா என்ன செய்வீங்க?"

இதற்குக் குறுக்கே போட நபீஸாவிடம் ஒன்றும் கைவசம் இல்லை. இஷாமின் முகம் மலர்ந்துவிட்டது. ஊருக்கு வந்த நாளிலிருந்து அவன் தொழிலைப் பற்றி ஒருவர் கேட்ட முதல் உருப்படியான கேள்வி அது.

"கிழமைக்குக் கிழமை வரும் மாமா, ஆனை மாதிரி. பயப்படப்படா. காலை அகட்டி, குனிஞ்சி, அது அசையிறதுக்கு முந்தி நாம முட்டித் தள்ளணும்."

"முட்டியோ?" என்றார் பதியுதீன். "ஆனையையோ?"

"காட்டட்டா? பதியுதீன் காக்கா, நீங்கதான் ஆனை. வாங்க."

பதியுதீன் மறுப்பதற்குள் இஷாம் நடு அறையில் குனிந்து நின்றான்.

"முழங்கால இன்னும் மடிங்க மருமகன்" என்றார் நௌஷாட், தன்னை மறந்து.

இஷாம் மடித்தான். தொட்டும் தொடாமலும்தான் தள்ளினான் என்று பிறகு சத்தியம் செய்தான். ஆனால் பதியுதீன் பின்பக்கமாகவே ஓடி, கதிரையைத் தாண்டி, வட்டிலப்பத் தட்டில் உட்கார்ந்தார்.

பதியுதீன் எழும்ப முயன்றார். வட்டிலப்பம் விடவில்லை.

உள்வாசல் திரையை விலக்கிக்கொண்டு பஸ்னா வந்து நின்றாள். சிரிப்பை அடக்கியதில் கண்ணில் தண்ணீர்.

"கோச்சி ஓட்டுற ஆக்கள் செய்ற வேலை மாதிரித் தெரியல்லயே. உண்மையில உங்களுக்கு என்ன வேலை?"

நபீஸா மகனின் சேர்ட்டைப் பின்னால் பிடித்து இழுத்தாள். அவன் அசைந்தால்தானே!

"நான் கோச்சியில இல்ல. பந்து விளையாட்டுக் கோச். அதுவும் அசிஸ்டன்ட். இந்த வேலைக்காகத்தான் இத்தின ஊர் மாறினன். இன்னும் மாற வேண்டி வரலாம். உம்மா பயத்தில சொல்லல்ல, வேலை பிழை எண்டபடியால இல்ல."

"அவ்வளவு புடிக்குமா?"

"புடிக்காட்டி வேற ஒருத்தன் சம்பளமில்லாம முட்டு வாங்குவானா?"

பஸ்னா தலையைக் குனிந்தாள். குனிந்த தலைக்குள் சிரிப்பு இருந்ததை நபீஸா பார்த்தாள். ஆனால் நௌஷாடின் முகம் செங்கல் நிறமாகிக்கொண்டு வந்தது. அவர் கலண்டரைப் பார்த்தார், இஷாமைப் பார்த்தார், திரும்பக் கலண்டரைப் பார்த்தார்.

அந்த நேரம் பார்த்து இஷாமின் போன் அடித்தது. அவன் இங்கிலீசில் இரண்டு வார்த்தை பேசினான். பிறகு போனை நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றான்.

"உம்மா, எடுத்துட்டாங்க!"

"என்னத்தடா? வேலையையா?"

"அசிஸ்டன்ட எடுத்துட்டாங்க உம்மா! புது இடத்தில நான்தான் லைன் கோச்! மூணு வருஷத்துக்கு ஒரே ஊர்!"

"அல்ஹம்துலில்லாஹ்!" என்று முதலில் சொன்னது வட்டிலப்பத் தட்டிலிருந்து பதியுதீன்தான். பஸ்னா கைதட்டிவிட்டு, தட்டியது தன் கைதானா என்று பார்த்து ஒளித்துக்கொண்டாள். நபீஸா மகனின் கன்னத்தைப் பிடித்துக் கொஞ்சினாள். காத்தான்குடிக்காரர் அந்த நேரம் எதிரில் நின்றிருந்தால் அவரையும் கொஞ்சியிருப்பாள், அவ்வளவு சந்தோஷம்.

ஆனால் நௌஷாட் இன்னும் கலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். நபீஸாவுக்குச் சந்தோஷம் பாதியில் நின்றது. வேலை வந்து என்ன, பெண் போய்விட்டதே! அவள் எழுந்து அவர் முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"மன்னிச்சிருங்க மாஸ்டர். கோச்சியிலயே வாழ்ந்த மனிசன் நீங்க. நாங்க உங்கள ஏமாத்திட்டம். பந்து பழக்குறவனுக்கு உங்கட மகளக் குடுக்க மாட்டீங்க எண்டு பயந்துதான்…"

நௌஷாட் வாயைத் திறந்தார். அதற்குள் குசினி வாசலில் இருந்து, அகப்பையும் கையுமாக, அவருடைய மனைவி பொறுக்க முடியாமல் வெளியே வந்தாள்.

"யா அல்லாஹ், ராத்தா! இவரு ஸ்டேஷனுக்கு முன்னால உள்ள ஊட்டில இரிக்கிற மாஸ்டருகா, பள்ளிக்கூடத்தில புள்ளையளுக்குப் பந்து பழக்குற மாஸ்டர். கோச்சிக்காரங்க பொண்ண வேணாமெண்டிருவாங்களோ எண்டு பயந்துதான், ஒரு மாசமா எண்ட மனிசன் கோச்சிக் கேள்வி பாடமாக்கினவரு!"

சரி, உங்கள் வீட்டுச் சம்பந்தத்தில் எந்தச் சொல் தடம் புரண்டது? வெட்கப்படாமல் எழுதி அனுப்புங்கள், பார்த்துக்கொண்டிருக்கிறேன்.