பேசக் கூடாத மலை

ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது என் மனைவியைப் பேசாமல் இருக்க வைப்பது என்று சபதம் எடுத்தேன்.

காரணம் அவள் தம்பி. அவனுக்கு எங்கள் ஊருக்கு மாற்றலாகியிருந்தது. வீடு கிடைக்கும் வரை எங்கள் முன்னறையில் தங்க வேண்டுமாம். முன்னறையில்தான் என் சாய்வு நாற்காலி இருக்கிறது. அதில்தான் நான் இருக்கிறேன். ஒரு மாதமாக, நான் பல் தேய்க்கும்போது தொடங்கும் பேச்சு நான் தூங்கிய பிறகும் ஓடியது. "பாக்கலாம், பாக்கலாம்" என்றே நாக்கு தேய்ந்தது. "வேண்டாம்" என்று சொல்லத்தான் தைரியம் வரவில்லை.

ஆபீஸ் கேஷியர் வழி சொன்னார். அவர் மலையேறிப் பறவை பார்க்கும் கோஷ்டியைச் சேர்ந்தவர். "அங்க யாரும் வாயே திறக்கக் கூடாது சார். திறந்தா முதல்ல பறவை போயிடும். அப்புறம் நம்மளை அனுப்பிடுவாங்க."

வீட்டுக்கு ஓடினேன்.

"ஞாயித்துக்கிழமை மலைக்குப் போறோம். பறவை பாக்க."

"நீங்களா? மாடிப்படி ஏறினாலே உங்களுக்கு மூச்சு வாங்குமே."

"ஒரு நிபந்தனை. அங்க பேசவே கூடாது."

"யாருமேவா?"

"யாருமே."

கொஞ்சம் யோசித்தாள். "சரி, போலாம்" என்றாள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மலையில் என் மூச்சுச் சத்தத்துக்கே வழிகாட்டி மூன்று முறை திரும்பி முறைத்தார். மனைவி வாய் திறக்காமல் எனக்கு முன்னால் விறுவிறுவென்று ஏறினாள். கால் வலித்தாலும் காதுக்கு அப்படியொரு சுகம்.

உச்சியில் ஒரு பெரிய மரம். அதன் பொந்துக்குள் பெண் இருவாச்சிப் பறவை அடைகாத்துக்கொண்டிருந்தது. பொந்தின் வாயைத் தானே அடைத்துக்கொண்டு, அலகு நீட்ட மட்டும் ஒரு சந்து விட்டிருந்தது. ஆண் இருவாச்சி வாய் நிறையப் பழத்தோடு வந்து வந்து ஊட்டிக்கொண்டிருந்தது. மூச்சுகூட விடாதீர்கள் என்று வழிகாட்டி சைகை காட்டினார். கோஷ்டியில் இருந்த பன்னிரண்டு பேரும் புதருக்குப் பின்னால் உறைந்தோம்.

அந்த நேரம் பார்த்து, பறவைகளைக் குறித்துக்கொள்ளும் நோட்டு என் மூக்குக்கு நேரே வந்தது. மனைவியின் கையெழுத்து.

'தம்பி வந்து தங்கட்டுமா? வேண்டாம்னா இப்பவே வாயைத் திறந்து சொல்லிடுங்க.'

தலையை ஆட்டப் பார்த்தேன். வழிகாட்டி பல்லைக் கடித்தார். பேனாவுக்குக் கை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை. "வே..." என்று தொடங்கினேன். அத்தனை பேரும் திரும்பினார்கள். கேஷியர் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். வாயை மூடிக்கொண்டேன். ஆண் இருவாச்சி, வாயில் பழத்தோடு என்னைப் பார்த்தது. அதன் கஷ்டம் எனக்குப் புரிந்தது.

நோட்டில் 'சம்மதம்' என்று எழுதி, அடியில் கோடும் போட்டாள்.

சாயங்காலம் வீட்டுப் பூட்டைத் திறக்கப் போனால், பூட்டே இல்லை. உள்ளிருந்து மைத்துனன் கதவைத் திறந்தான்.

"வாங்க அத்தான், உள்ள வாங்க. தண்ணி குடிக்கிறீங்களா?"

எட்டிப் பார்த்தேன். முன்னறையில் அவன் கட்டில். என் நாற்காலி பால்கனியில், துணி காயும் கொடிக்குக் கீழே.

"இவன் எப்ப வந்தான்?" என்றேன்.

"காலைல. நாம கிளம்பின அஞ்சாவது நிமிஷம்."

"அப்புறம் எதுக்குடி மலை மேல வச்சு என்னைக் கேட்ட?"

"என்னங்க இது, உங்களைக் கேக்காம நான் என்னைக்காவது ஒரு காரியம் செஞ்சிருக்கேனா?"