ஓர் உறிஞ்சுக்குப் பத்து டிகிரி

"நாப்பத்தஞ்சு!" என்று ஆறாம் வகுப்பு ஒரே குரலில் கத்தியது.

கரும்பலகையில் இருந்த கோணம் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. மில்டன் மரக் கோணமானியை வைத்து அளந்தான். நூற்று முப்பது.

"இதுக்கு முன்னாடி வரைஞ்சதுக்கும் நாப்பத்தஞ்சுன்னுதானேடா சொன்னீங்க?"

"அது சரியா வந்துச்சே சார்," என்றான் மைக்கோல். "அதான் மாத்தல."

அளக்காமல் கண்ணாலேயே கோணத்தைச் சொல்லும் விளையாட்டு இது. உருகுவே பள்ளிகளில் அந்த வருடம் இதைப் பற்றித்தான் பேச்சு. வியாழக்கிழமை இன்ஸ்பெக்டர் சுல்மா வந்து இந்த விளையாட்டைப் பார்த்து மில்டனுக்கு மதிப்பெண் போடுவார். மதிப்பெண் அதிகம் வாங்கிய ஆசிரியர்தான் அடுத்த வருடம் எந்த ஊர்ப் பள்ளி வேண்டும் என்று முதலில் வாய் திறக்கலாம். மற்றவர்களுக்கு மிச்சம் மீதிதான்.

மில்டனுக்கு வேண்டியது சால்ட்டோ. மனைவி யானெலாவும் கைக்குழந்தையும் அங்கே இருந்தார்கள். சனிக்கிழமை பஸ் பிடித்துப் போய் நிற்பான். குழந்தை அவனைப் பார்த்ததும் வீறிட்டு அழும். ஞாயிறு சாயங்காலம் லேசாகச் சிரிக்கத் தொடங்கும்போது திரும்பிவரும் பஸ் கிளம்பிவிடும். இன்னொரு வருடம் இப்படி ஓடினால் குழந்தை அவனை மாமா என்று கூப்பிடும் என்று அவன் உண்மையாகவே பயந்தான்.

முதலில் இனிப்பைக் காட்டிப் பார்த்தான். யார் சரியாகச் சொல்கிறார்களோ அவர்களுக்கு ஓர் அல்ஃபஹோர் பிஸ்கட். நாற்பத்தைந்து அன்றோடு ஒழிந்தது. ஆனால் வகுப்பிலேயே கொஞ்சம் கண்ணளவு உள்ள அனாஹி என்ன சொல்கிறாளோ, அதையே மொத்த வகுப்பும் சொன்னது. பிஸ்கட் டப்பா ஒரே பீரியடில் காலி.

மறுநாள் அனாஹி வாயையே திறக்கவில்லை.

"சொல்லும்மா."

"மாட்டேன் சார். நான் யோசிக்கிறேன், இதுங்க திங்குதுங்க."

அவள் பேசாததால் வகுப்பே பேசவில்லை. முன்பு தப்பாகவாவது ஒரு பதில் வந்துகொண்டிருந்தது.

வேறு வழியில்லாமல் மில்டன் குறுக்கு வழிக்கு வந்தான். அந்த ஊரில் கக்கத்தில் வெந்நீர் ஃபிளாஸ்க்கும் கையில் குழல் செருகிய, மாத்தே என்ற மூலிகைத் தேநீர்க் குடுக்கையும் இல்லாத ஆசிரியரைப் பார்ப்பதுதான் அதிசயம். அவன் மாத்தே உறிஞ்சுவதை யார் சந்தேகப்படப் போகிறார்கள்?

"நல்லாக் கேட்டுக்கோங்க. நான் ஒரு தடவ உறிஞ்சினா பத்து டிகிரி. நாலு தடவ உறிஞ்சினா?"

"நாப்பது!"

"கடைசில குடுக்கை காலியாகி 'கொர்'ருன்னா?"

"கூட அஞ்சு!"

செங்கோணத்தையும் செங்கலையும் பிரித்தறியாத பிள்ளைகள் இதை ஒரே மத்தியானத்தில் கற்றுத் தேறின. ஒத்திகைதான் மில்டனைப் படுத்திவிட்டது. விரிகோணம் ஒவ்வொன்றும் பாதி ஃபிளாஸ்க்கைக் குடித்தது. புதன்கிழமைக்குள் அவனுக்குத் தூக்கம் சுத்தமாகப் போய், பலகையில் போட்ட கோடெல்லாம் நெளியத் தொடங்கின.

"சார், இது கோணமா, ஓடுற ஆறா?" என்று கேட்டாள் அனாஹி.

எதற்கும் இருக்கட்டும் என்று வியாழனன்று சின்னச் சின்னக் கோணங்களாக முன்கூட்டியே அளந்து வரைந்து வைத்தான். எல்லாம் மூன்று நான்கு உறிஞ்சுக்குள் அடங்குபவை.

இன்ஸ்பெக்டர் சுல்மா ஒல்லியாக, சிரிக்காத முகத்தோடு வந்து உட்கார்ந்தார். பலகையைப் பார்த்தார்.

"இத அழிச்சிருங்க. பிள்ளைங்க எந்திரிச்சுக் கைய விரிச்சுக் காட்டட்டும், மத்ததுங்க சொல்லட்டும். அப்பத்தானே விளையாட்டு?"

மைக்கோல் குதித்து முன்னால் வந்து, பள்ளிச் சீருடையான வெள்ளை அங்கியும் கழுத்தில் நீல ரிப்பன் முடிச்சுமாக, இரண்டு கைகளையும் விரித்து நின்றான். அப்போதுதான் மில்டனுக்கு ஓர் உண்மை உறைத்தது. இத்தனை நாளும் கோணமானி வைத்து அளந்துதான் அவன் விடை சொன்னான். வெறும் கண்ணால் ஒரு கோணத்தையும் அவன் மதிப்பிட்டதே இல்லை.

பையனை உற்றுப் பார்த்தான். அறுபத்தைந்துபோல் இருந்தது. ஆறு தடவை உறிஞ்சி, கடைசியில் 'கொர்' என்று காலி பண்ணினான்.

"அறுபத்தஞ்சு!" என்றது வகுப்பு, கொஞ்சமும் சந்தேகமில்லாமல்.

கோணமானி தொண்ணூற்றைந்து என்றது.

அடுத்தது அனாஹி. குறைத்துச் சொன்னதுதான் தப்பாகிவிட்டது என்று மில்டன் இந்த முறை தாராளமாகப் பன்னிரண்டு உறிஞ்சினான்.

"நூத்தி இருபது!"

எழுபது. அனாஹியே அவனைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிள்ளைகளைப் பார்த்தார். குடுக்கையைப் பார்த்தார். கடைசியில் மில்டனைப் பார்த்தார்.

"சால்ட்டோ கேட்டிருக்கீங்க போல."

"ஆமா மேடம். பொண்டாட்டியும் கொழந்தையும் அங்கதான்."

"கொழந்தைக்கு என்ன வயசு?"

"நாலு மாசம். என்னையப் பாத்தா அழுகுது மேடம்."

"ம்."

என்ன செய்வதென்று தெரியாமல் மில்டன் குடுக்கையில் வெந்நீர் ஊற்றினான். இன்ஸ்பெக்டர் கையை நீட்டினார்.

"இங்க குடுங்க."

மாத்தே கேட்ட ஆளுக்கு இல்லை என்று சொல்லுவது அந்த ஊரில் செத்தாலும் நடக்காது. குடுக்கையைக் கொடுத்தான். அவர் ஃபிளாஸ்க்கையும் வாங்கித் தன் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். வகுப்பின் அத்தனை கண்களும் மில்டனின் வாயிலிருந்து கிளம்பி இன்ஸ்பெக்டரின் வாய்க்குப் போய்ச் சேர்ந்தன. வேண்டாம் என்று மில்டன் கையால் சைகை காட்டினான். தலையை ஆட்டினான், கண்ணைக் காட்டினான். ஒரு பிள்ளையும் அவனைச் சீண்டவில்லை.

மூன்றாவது பையன் கையை விரித்தான். இன்ஸ்பெக்டர் நிதானமாக உறிஞ்சினார்.

"எம்பது!"

கோணமானியும் எண்பது என்றது.

மில்டன் கோணமானியைத் திருப்பி வைத்துப் பார்த்தான். அப்போதும் எண்பதுதான். கல்யாணத்துக்குப் பிறகு கோயில் பக்கமே போகாதவன் மனசுக்குள் மாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டான்.

அடுத்தவளுக்கு முப்பது என்றார்கள். சரி. இன்னொருவனுக்கு நூற்றுப் பத்து. அதுவும் சரி. அந்த அம்மாவுக்குத் தாகம் எடுப்பதும் பிள்ளைகள் கை விரிப்பதும் அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்திப் போயின.

கடைசியாக மைக்கோல் மறுபடியும் வந்தான். இந்த முறை சிலுவைபோல் கிட்டத்தட்ட நேராக விரித்தான். தொலைந்தோம் என்று மில்டன் தலையில் கை வைத்துக்கொண்டான். இவ்வளவு பெரிய கோணத்துக்கு எந்த மனுஷி தாகத்தோடு இருப்பாள்?

அவர் குடித்தார். மறுபடியும் ஊற்றிக் குடித்தார். முகம் சுளித்தது, கண்ணில் நீர் கோத்தது. தண்ணீர் சூடு அதிகம் போல என்று மில்டன் வருத்தப்பட்டான். இன்னும் குடித்தார். முடிவில் குடுக்கை 'கொர்' என்றது.

"நூத்தி அறுபத்தஞ்சு!"

அளந்தான். இம்மி பிசகவில்லை.

இன்ஸ்பெக்டர் குடுக்கையைத் திருப்பிக் கொடுத்தார். "போதும்," என்றார். தாளில் எதையோ எழுதிக் கையெழுத்துப் போட்டார். "இந்த மார்க்குக்கு சால்ட்டோ கெடைக்கும்." அதற்குமேல் ஒரு வார்த்தை பேசாமல், பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மில்டன் உடனே யானெலாவுக்கு ஃபோன் போட்டான்.

"கெடச்சிருச்சுடி! நான் பண்ணதெல்லாம் தப்புத்தான். ஆனா அந்தம்மாவுக்கு வந்த தாகம் இருக்கே, அது கடவுளாப் பாத்துக் குடுத்தது. பாப்பாகிட்ட சொல்லு, அப்பா வந்துருவேன்னு."

பள்ளி ஆயா ஒதில்யா ஒரு டம்ளர் பாலோடு வாசலில் வந்து நின்றார்.

"இன்ஸ்பெக்டரம்மா எங்க தம்பி?"

"இப்பத்தான் போனாங்க. பாலெல்லாம் எதுக்குக்கா? ஒரு ஃபிளாஸ்க் மாத்தேய அவங்களே காலி பண்ணிட்டாங்க."

ஒதில்யா அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"யாரு, சுல்மா மேடமா? வயித்துப்புண்ணு வந்ததுலருந்து அவங்க மாத்தேய மோந்துகூடப் பாக்க மாட்டாங்களே தம்பி!"