மணி கட்டிய கால்கள்

அகலமான ஓர் ஆற்றின் இரு கரையிலும் பரந்திருந்தது அந்த நாடு. ஆற்றின் மேல் ஒரே ஒரு பாலம். அதைக் கட்டியவர்கள் கிழக்கிலிருந்து கப்பலேறி வந்த உதயத்தார். பாலம் முடிந்த ஆண்டே காய்ச்சல் பரவியது. அது உதயத்தாரின் மூச்சில் வருகிறது என்று அன்றைய மன்னர் தீர்மானித்தார். காய்ச்சலை யாரும் விசாரிக்கவில்லை. அவர்கள் காலில் மணி கட்ட வேண்டும், ஓசை கேட்டால் மற்றவர்கள் விலகிக்கொள்ளலாம் என்று சட்டம் வந்தது. மணியில்லாமல் பிடிபட்டவர்களை ஊரார் பாலத்திலிருந்து ஆற்றில் தள்ளினார்கள்.

பிறகு சட்டம் போயிற்று, ஊராரின் நினைவிலிருந்தும் போயிற்று. இப்போது பாலத் திருவிழாவில் அதே மணிகளைப் பொம்மையாக விற்கிறார்கள்.

இந்த ஆண்டு அரண்மனைக் குதிரைகள் இருமத் தொடங்கின. மறுவாரமே உதயத்தார் வீட்டுக் கதவுகளில் கல் விழுந்தது.

உதயத்தாரில் ஒருத்தியான ஆசிரியை நவீராவிடம் காய்கறிக்காரி தாழ்ந்த குரலில் சொன்னாள்: "வாத்தியாரம்மா, இனி கடைக்கு யாரையாவது அனுப்புங்க. எனக்கு ஒண்ணுமில்ல. பாக்குறவங்க ஒரு மாதிரி பாக்குறாங்க."

நவீராவின் மகள் கயா தினமும் அந்தப் பாலத்தைக் கடந்துதான் பள்ளிக்குப் போகிறாள். பழைய கதை தெரிந்தால் கல்லெடுக்கும் கை ஒரு கணமாவது தயங்காதா? அதைப் பள்ளிகளில் சொல்லித்தர வேண்டும் என்று கல்வி மந்திரியிடம் போய் முறையிட்டாள்.

"அருமை!" என்றார் மந்திரி வச்சிரநாதர். "வரலாற்றைக் கற்பிப்போம். ஆனால் எவர் மனமும் புண்படலாகாது. ஆகவே தள்ளியவர் யார் என்று சொல்ல வேண்டாம்."

"விழுந்தவர்களைப் பற்றி, ஐயா?"

"நீராடச் சென்றவர்கள் என்போம்."

"அவங்க நீராடப் போகலையே ஐயா. செத்துப்போனாங்க."

"பார்த்தீரா, உமக்கே மனம் புண்படுகிறது."

மந்திரிசபை கூடிக் கூடிக் கலைந்தது. வெறும் பேச்சு மண்டையில் ஏறாது, கண்ணால் கண்டால்தான் கல்வி என்று இறுதியில் முடிவாயிற்று. பாலத்து முகப்பில் முரசு அறைந்தார்கள்: "வரலாற்றை மக்கள் மறவாதிருக்கும் பொருட்டு, உதயத்தார் அனைவரும் ஒரு திங்கள் காலில் மணி அணிய வேண்டும். நவீரா ஆசிரியையின் வேண்டுகோளுக்கு இணங்க."

கேட்டுக்கொண்டிருந்தவர்கள் கை தட்டினார்கள். சிலர் அவளை வாழ்த்தவும் செய்தார்கள், சற்றுத் தள்ளி நின்று.

மறுநாள் காலை கயா மணி கட்டிய காலை ஆட்டி ஆட்டிப் பார்த்தாள். "அழகா இருக்கும்மா. நீதான கேட்டு வாங்கினியாம்?"

நவீரா மகளின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு பாலத்தில் நடந்தாள். நடுப்பாலத்தில் கூட்டம் நெரிந்தது. அதற்குள் எங்கோ ஒருவர் இருமினார். நெஞ்சைப் பிளக்கும் இருமல், குதிரை லாயத்துப் பக்கமிருந்து வந்த ஆள்.

இருமியவரை யாரும் பார்க்கவில்லை. எல்லாத் தலைகளும் மணியோசை வந்த பக்கம் திரும்பின.

நவீரா குனிந்து கயாவின் மணியை இரு கைகளாலும் பொத்தினாள். ஓசை நிற்கவில்லை, நடுங்கும் அவள் சொந்தக் காலிலும் மணி இருந்தது.